மேப்புகளைப் பிழைக்க வைத்தவர்களுக்கு

சென்னையில் பழைய நிலப்படங்கள் சேர்க்கிறவர்கள் சேர்ந்து எழுதும் நன்றி மடல் இது.

முதல் வணக்கம் ராயப்பேட்டை பைண்டிங் பெரியவருக்கு. ஐயா, பசையில் பூச்சி அண்டாதிருக்க மயில்துத்தம் போடுவது உங்கள் தொழில் வழக்கம். கணக்கு நோட்டுக்கு அது போதும். மேப்புக்கு வேண்டாம் என்றதும் மறுபேச்சில்லாமல் விட்டீர்கள். துத்தத்தில் இருக்கும் செம்பு காகிதத்தைப் பழுப்பாக்கி நொறுக்கிவிடும். சில பழைய படங்களில் பச்சை தீட்டிய எல்லைக்கோடு மட்டும் இற்றுப்போய்க் கிழிவதும் அந்தச் செம்பின் வேலைதான். கோதுமை ஸ்டார்ச் ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு, சிறுதீயில் அரைமணி நேரம் கை விடாமல் கிளறி, பளபளவென்று கண்ணாடிப் பதம் வந்ததும் இறக்கி, ஆறியபின் துணியில் பிழிந்து கொடுத்தீர்கள். துத்தம் இல்லாத பசை நம்மூர் வெயிலுக்குச் சீக்கிரமே புளித்துவிடும் என்று இரண்டு நாளுக்கான அளவே காய்ச்சியதற்குத் தனி நன்றி. துண்டுகளாக வெட்டித் துணியில் ஒட்டிய மடிப்பு மேப்பில் துண்டுக்குத் துண்டு 2 மி.மீ. இடைவெளி விட்டதும் நீங்கள்தான். நெருக்கி ஒட்டியிருந்தால் மடிக்கும்போது விளிம்புகள் முட்டிக்கொண்டு உரிந்திருக்கும்.

வேதியியல் டீச்சர், நீங்கள் தடுத்திராவிட்டால், அழுக்குப் போக நனைக்கவிருந்த ஒரு படம் தண்ணீரிலேயே போயிருக்கும். ஒவ்வொரு நிறத்திலும் ஓரமாக ஒரு சொட்டு நீர், ஒரு நிமிடம் பொறுத்து வெள்ளை ஒற்றுத்தாளால் அழுத்தல்: இவ்வளவுதான் சோதனை. கறுப்பு அசையவில்லை, அது எண்ணெய் கலந்த அச்சு மை. கையால் தீட்டிய சிவப்புச் சாலை அப்படியே தாளில் இறங்கிவிட்டது. அந்தப் படத்தை நனைக்கவில்லை. மெல்லிய பஞ்சால் தூசி மட்டும் ஒற்றி எடுத்தோம்.

நனைக்கும் முன், படத்தில் மைல் கணக்கைக் காட்டும் அளவுகோட்டை அளந்து குறித்துவைக்கச் சொன்ன ஓய்வுபெற்ற சர்வேயர் ஐயாவுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். ஈரக் காகிதம் ஒரு திசையில் அதிகம் விரியும். இழுத்து ஒட்டிக் காயவைத்தால் அப்படியே நின்றுவிடும். பிறகு 1 அங்குலத்துக்கு 1 மைல் என்பது பேருக்குத்தான். 1802-இல் பரங்கிமலைப் பக்கம், இந்தியாவின் பெரும் நில அளவையைத் தொடங்கிய லாம்டன் அதற்கு ஆதாரமான முதல் நேர்கோட்டை (அடிக்கோடு) அளந்தபோது, 100 அடி எஃகுச் சங்கிலியே சூட்டில் நீளும் என்று கூடவே வெப்பமானி வைத்திருந்தார். காகிதம் எம்மாத்திரம்!

பெரிய தாளை மூலையில் பிடித்துத் தூக்காமல், அடியில் அட்டை கொடுத்து இருவராகத் தூக்கப் பழக்கிய எழும்பூர் நூலக ஊழியர்களுக்கும், லேமினேஷன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கும் நன்றி. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக் காகிதம் கெடாமல் உரிப்பது நடக்காத காரியம். தம்பி, ஒரு வியாபாரத்தை நீங்களே விட்டுக்கொடுத்தீர்கள்.

தச்சர் அண்ணனுக்கு: ஒற்றுத்தாளுக்கு நடுவே படத்தை வைத்து அழுத்த நீங்கள் தந்த இரண்டு பலகைகளும் பத்திரமாக இருக்கின்றன. ஈரம் முழுக்க வற்றாமல் எடுத்தால் ஓரம் சுருண்டுகொள்ளும். கடைசிப் படம் காய்ந்ததும் துடைத்துக் கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
சென்னை மேப் பிரியர்கள்