குருசடிக்குத் தோள் கொடுத்த எல்லாருக்கும்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும், வெளியிலிருந்து வந்து கை கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

காசிமேட்டில் நம் குருசடியின், அதாவது நம் சின்னச் சிலுவைக் கோயிலின், மர வேலை முடிந்துவிட்டது. போன ஞாயிறு சாரத்தைப் பிரித்தோம். உள்ளே போய் நின்றவர்கள் ஐந்து நிமிடம் வாயே திறக்கவில்லை. நம்ம ஊரில் இது சாதாரண விஷயமா?

குருசடியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலு சுவரும் வாசல் நிலையும் முழுக்க மரச் சிற்பம்தான். உடைந்த கட்டுமரக் கட்டை, விசைப்படகுப் பலகை, துடுப்பு என்று துறைமுகத்தில் கிடந்ததையெல்லாம் பொறுக்கி, அலையாகவும் மீனாகவும் பன்னிரண்டு அப்போஸ்தலர்களாகவும் அடுக்கி, மொத்தத்துக்கும் வெள்ளை பூசினார் ஆசாரி தாத்தா. நடுவில் நின்றால் கடலுக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். அவர் போன பிறகு கெடுத்தது நாம்தான், அதுவும் பாசத்தில். கொடியேற்றத்துக்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் ஒரு கோட் எனாமல்! மீனின் செதிலெல்லாம் மூடிப்போய், அப்போஸ்தலர்களுக்கு மூக்கே இல்லாமல் போயிற்று.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீர் உள்ளே வந்தது. அப்புறம் பெயிண்ட் அப்பளம் மாதிரி உரியத் தொடங்கியது. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு பளபளவென்று புதுசாக்கித் தருகிறேன் என்று ஒரு ஒப்பந்ததாரர் வந்தார். நானும் கிட்டத்தட்டச் சரி என்று சொல்லிவிட்டேன். தடுத்தது அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்த நம் தெருப் பெண். முதல் நன்றி அவளுக்கு.

அவள்தான் போனில் நியூயார்க் சிற்றாலயம் ஒன்றின் படத்தைக் காட்டினாள். லூயிஸ் நெவல்சன் என்ற சிற்பி 1977-இல் செய்து முடித்தது. அந்த அம்மா யூதர். செய்து கொடுத்தது லூத்தரன் சபைக்கு. அவரும் தெருவில் கிடக்கும் மரத்தைப் பொறுக்கி அடுக்கியவர்தான், அங்கேயும் எல்லாம் வெள்ளைதான். பிற்காலத்தில் மேலே பூசிய பெயிண்டும், சீரில்லாத ஈரப்பதமும் அங்கேயும் தொல்லை கொடுத்திருக்கின்றன. “பார்த்தீங்களா சித்தப்பா, நமக்கு மட்டும் இல்ல” என்றாள். எனக்கு அதுதான் பெரிய ஆறுதல்.

பழைய கலைப்பொருட்களைக் கெடாமல் சீர்செய்து காக்கும் கலைஞர்களை அவள் கூட்டி வந்தாள். அவர்கள் நகக்கண் அளவு பெயிண்ட் சில்லை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். எனாமலுக்கு அடியில் தாத்தாவின் பழைய வெள்ளை அப்படியே இருந்தது. அன்றிலிருந்து ஆபரேஷன் கத்தியும் பஞ்சுமாக, ஒரு நாளைக்கு உள்ளங்கை அளவுதான் வேலை. மரத்தை விட்டு உரிந்து தூக்கிக்கொண்டிருந்த பழைய வெள்ளையை பேரலாய்ட் பி-72 என்ற பிசினால் மரத்தோடு ஒட்டவைத்தார்கள். பின்னாளில் வேண்டாமென்றால் அசிட்டோனில் கரைத்து எடுத்துவிடலாமாம். கலைஞர்களே, உங்கள் பொறுமைக்கு நன்றி. “இன்னும் முடியலையா” என்று தினமும் கேட்டதற்கு மன்னிப்பு.

பழைய வண்ணாரப்பேட்டை கொத்தனார் அண்ணனுக்குத் தனி நன்றி. சுவரில் நாம் பூசிவைத்த சிமென்ட்தான் ஈரத்தை வெளியே விடாமல் மரத்துக்குள் தள்ளியது என்று கண்டுபிடித்தவர் அவர். மூன்றடி உயரத்துக்குச் சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டு, ஊறவைத்த சுண்ணாம்பில் மறுபடி பூசினார். இப்போது பலகைக்கும் சுவருக்கும் நடுவில் காற்று போக இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது.

ஏசி வாங்கித் தருகிறேன் என்று வந்த நண்பருக்கும் நன்றி. ஜெபம் நடக்கும் ஒரு மணி நேரம் மட்டும் ஏசி ஓடினால் மரம் சுருங்கி விரிந்து வெடிக்கும் என்று சொன்னோம். கோபித்துக்கொள்ளாமல் அதே பணத்தில் கூரை ஒழுகலை அடைத்துக் கொடுத்தார்.

மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் தொழிலுக்குப் போகாமல் இருந்த தம்பிகள்தான் சாரம் கட்டினார்கள், பலகை இறக்கினார்கள், ராத்திரிக் காவலும் இருந்தார்கள். கயிறு முடிச்சில் அவர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்களிலும் எங்கிருந்தோ நெத்திலி வாங்கிக் குழம்பு வைத்துக் கொடுத்த அக்காமார்களே, வேலை பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு இரண்டு கிலோ ஏறித்தான் போனார்கள்.

கடைசியாக, வருடா வருடம் எனாமல் வாங்கிக் கொடுத்த குடும்பத்துக்கு. கடலில் காணாமல் போன மகன் மூன்றாம் நாள் கரை சேர்ந்ததற்கு நேர்ந்துகொண்ட பெயிண்ட் அது. அதை நிறுத்தச் சொல்லிக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கதவருகே நாலுநாள் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். ஐந்தாம் நாள் அந்த அம்மாவே வந்து, பஞ்சால் துடைத்து வெளியே வந்த பேதுருவின் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “பெயிண்ட் காசை மெழுகுவர்த்திக்கு வச்சுக்கலாமா” என்றார். புகை படியும் என்று அதற்கும் மறுக்க வேண்டியதாயிற்று. சுண்ணாம்புக்கு எடுத்துக்கொண்டோம்.

மெழுகுவர்த்தி ஸ்டாண்டு இனிமேல் வெளித் திண்ணையில்தான் இருக்கும். சாரக் கம்பு நாலு குருசடிக்குப் பின்பக்கம் கிடக்கின்றன, யாருடையதோ வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
குருசடிப் பராமரிப்புக் குழுவுக்காக