ஞாயிறு கலைச் சந்திப்பு: ஆகஸ்ட் 16

அனைவருக்கும் வணக்கம். இம்மாதச் சந்திப்பு ஞாயிறு மாலை 5 மணிக்கு, நமது குடியிருப்பின் பொதுக்கூடத்தில்.

1. கொச்சி பினாலே (இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சி), 2016: சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டா பழைய கிடங்கு ஒன்றில் கடல்நீரை நிரப்பினார். எதிர்ச்சுவரில் இருந்த கவிதையைப் படிக்க அந்த நீரில் நடந்தே போக வேண்டும். 2015இல் கடலில் மூழ்கிய சிரியச் சிறுவன் காலிப் குர்திக்கான அஞ்சலி அது. கண்களுக்கு முன்பே கால்கள் படித்துவிடும் கவிதை! படங்களைக் காட்டுகிறேன், அவசியம் பாருங்கள்.

2. நிகழ்த்துகலைக் கலைஞர் மரினா அப்ரமோவிச் 2010இல் நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றில், பார்க்க வந்தவர்கள் எதிரே பேசாமல் அமர்ந்திருந்தார். நாமும் இருவர் இருவராக 5 நிமிடம் அமர்ந்து பார்ப்போம்.

3. கைப்பேசியை அணைத்துவிடுங்கள்.

4. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வெள்ளிக்கிழமைக்குள் இங்கே பதிலிடுங்கள். குழந்தைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.