மீன்குஞ்சு வாங்கும் முன் இரண்டு கேள்விகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கொல்லையில் அக்வாபோனிக்ஸ் (மீன் தொட்டியின் கழிவுநீரைச் செடிகளுக்குப் பாய்ச்சி, மீண்டும் தொட்டிக்கே திருப்பும் முறை) அமைப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, தொட்டி, பம்ப், செடி வளரும் கூழாங்கல் படுக்கை எல்லாவற்றையும் தெளிவாக விளக்கியது. மீனைப் பற்றி மட்டும் ஒரே வரிதான்: திலாப்பியா விட்டால் போதும், எந்த வெயிலையும் தாங்கும் என்று. வெயில் கடுமையான ஊர்களில் இருப்பவர்கள் அந்த ஒரு வரியை நம்பி இறங்கினால் சட்டத்திலும் மாட்டிக்கொள்வார்கள், மீனையும் பறிகொடுப்பார்கள். தொட்டிக்குப் பணம் செலவழிக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு: இந்த மீனை இங்கே வளர்க்கலாமா? கோடையின் உச்சத்தில், விடியற்காலையில் இந்த மீனுக்கு மூச்சு கிடைக்குமா?

முதலில் அனுமதி. திலாப்பியா என்ற பெயரில் நைல், மொசாம்பிக், நீலத் திலாப்பியா, இவற்றின் கலப்பினங்கள் எல்லாமே விற்கப்படுகின்றன. ஒன்றுக்கு அனுமதி இருக்கும் இடத்தில் இன்னொன்றுக்குத் தடை இருக்கலாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் அனுமதியில்லாமல் திலாப்பியாவை வைத்திருப்பதே குற்றம். இந்தியாவில் ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கத் தடை உள்ளது. திலாப்பியாவுக்கு அரசின் அனுமதி வேண்டும். உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவல் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐ.யு.சி.என்.) வெளியிட்ட பட்டியலில் மொசாம்பிக் திலாப்பியா, சாதாக் கெண்டை, வானவில் ட்ரவுட் மூன்றுமே இருக்கின்றன. கொசுப்புழுவுக்காகப் பலர் தொட்டியில் விடும் கம்பூசியாவும் அதில் உண்டு. ஆகவே மீன்வளத் துறையிடம் கேட்கும்போது 'ஓரியோக்ரோமிஸ் நைலோடிகஸ்' (நைல் திலாப்பியா) என்பதுபோல் அறிவியல் பெயரைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். குஞ்சு வாங்கிய பொரிப்பகத்தின் ரசீதை அந்தப் பதிலோடு சேர்த்து வையுங்கள்.

வீட்டுச் சாப்பாட்டுக்கு வளர்ப்பது வேறு, விற்பது வேறு. உயிர்மீனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்லத் தனி அனுமதி கேட்கும் நாடுகளும் உண்டு. செடிக்கும் இதே கவனம் தேவை: வள்ளைக்கீரை அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் தீய களைப் பட்டியலில் உள்ளது. மொட்டைமாடியில் வைப்பதாக இருந்தால் கட்டடப் பொறியாளரின் ஒப்புதல் இல்லாமல் வைக்கவே கூடாது. 30 செ.மீ. ஆழமுள்ள கூழாங்கல் படுக்கை நீரோடு சேர்ந்து சதுர மீட்டருக்குச் சுமார் 600 கிலோ கனக்கும். 1000 லிட்டர் தொட்டியில் தண்ணீர் மட்டுமே ஒரு டன்.

அனுமதி கொடுப்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பது மீன் தப்பிக்கும் வழியைத்தான். கனமழையில் தொட்டி நிரம்பி வழிந்தால் குஞ்சுகள் வடிகாலுக்குப் போய்விடும். வழிகுழாயின் வாயில் 2 மி.மீ. கண்ணுள்ள வலை, அதற்கப்பால் ஒரு வடிகட்டித் தொட்டி, மேலே இறுக்கமான மூடுவலை, இவை மூன்றும் வேண்டும். விரால் வளர்ப்பவர்கள் மூடுவலையில் ஒரு கை நுழையும் இடைவெளிகூட விடக் கூடாது. எகிறி வெளியே விழுந்துவிடும்.

இனி வெப்பம். 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5 தான். மீனின் தேவையோ வெப்பம் ஏற ஏறக் கூடும். 1000 லிட்டரில் 20 கிலோ மீன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரை தின்ற மீன் கிலோவுக்கு மணிக்குச் சுமார் 300 மில்லிகிராம் ஆக்சிஜன் எடுத்தால் மணிக்கு மொத்தம் 6 கிராம். நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 7 மில்லிகிராமிலிருந்து ஆபத்தான 3-க்கு இறங்கக் கையிருப்பு 4 கிராம்தான். அதாவது, மின்சாரம் போனால் உங்களுக்கு இருப்பது 40 நிமிடம். ஆகவே வெப்பப் பகுதியில் 10 கிலோவோடு நிறுத்திக்கொள்வதே சரி, அதாவது அரைக் கிலோ மீன் 20. பேட்டரியில் ஓடும் ஏரேட்டர் (நீருக்குள் காற்றைச் செலுத்தும் கருவி) ஒன்று, மின்சாரம் போனதும் தானாக இயங்கும்படி இருக்க வேண்டும். மாலையில் இரை போடாதீர்கள். தின்ற பிறகு சில மணி நேரம் மீனின் ஆக்சிஜன் தேவை உச்சத்தில் இருக்கும். நீர் பச்சையாக இருந்தால் பாசியும் இரவெல்லாம் ஆக்சிஜனை எடுக்கும். இரண்டும் சேர்ந்தால் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். காலையில் வெயில் ஏறிய பிறகு போடுவதே நல்லது.

மீன் தேர்வில் எங்கள் கருத்து இது. அனுமதி உள்ள இடத்தில் நைல் திலாப்பியாவே முதல் தேர்வு. 27 முதல் 30 டிகிரி அதற்கு ஏற்ற வெப்பம். ஆனால் ஆண் குஞ்சுகளை மட்டும் வாங்குங்கள். பெண் மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாக்கும். கலந்து விட்டால் சில மாதங்களில் தொட்டி முழுக்கக் குஞ்சாகிவிடும். எதுவும் தட்டுக்கு வரும் அளவு வளராது. கொடுவாவும் வெப்பத்துக்கு ஏற்றதே. ஆனால் சின்னதைப் பெரியது விழுங்கும் என்பதால் அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும்; 45 சதவீதப் புரதத் தீவனம் கேட்கும்; அந்தப் புரதம் மீனுக்கே நச்சாகும் அம்மோனியாவாகக் கழிவில் திரும்பி வரும். தொடக்கநிலையில் வேண்டாம். விராலும் பனையேறிக் கெண்டையும் காற்றிலிருந்தும் மூச்செடுப்பதால் ஆக்சிஜன் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும், ஆனால் நீரில் சேரும் அம்மோனியாவை அது குறைத்துவிடாது. ரோகு, கட்லா குளத்து மீன்கள், சிறு தொட்டியில் சரியாக வளர்வதில்லை. ட்ரவுட் கோடையில் நிச்சயம் சாகும். உணவு மீனுக்கு அனுமதி கிடைக்காவிட்டால், அலங்கார மீனுக்கு விதி என்ன என்று கேட்டுப் பாருங்கள். செடிக்கு உரமாகும் நைட்ரேட் அதன் கழிவிலிருந்தும் வரும்.

கட்டுரை தொடாத இன்னொன்று நீரின் தன்மை. கோடையில் ஆவியாகும் நீருக்கு ஈடாகக் கடினமான கிணற்றுநீரை ஊற்ற ஊற்ற உப்பு சேர்ந்து பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 8 வரை ஏறும். 30 டிகிரியில் பி.எச். 7 என்றால் அம்மோனியாவில் நச்சுப் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. 8 என்றால் 7 சதவீதத்துக்கு மேல். அம்மோனியா சோதனைப் பெட்டியில் அதே நிறம் காட்டினாலும் மீனுக்கு ஒன்பது மடங்கு ஆபத்து. முடிந்தவரை மழைநீரைச் சேர்த்து ஊற்றுங்கள். தொட்டி பாதி மண்ணுக்குள் இருக்கட்டும். தொட்டிக்கும் படுக்கைக்கும் நிழல்வலை வேண்டும். வெயிலில் காய்ந்த கல்லின் வழியே ஓடித் திரும்பும் நீரே தொட்டியைச் சூடாக்கும்.

கட்டுரையின் அடுத்த பகுதியில் மீன் பட்டியல் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் ஒவ்வொரு மீனுக்கும் அறிவியல் பெயர், தாங்கும் வெப்பம், தீவனத்தில் வேண்டிய புரதம் மூன்றையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
அக்வாபோனிக்ஸ் வளர்ப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்