படத்தைச் சரிபார்ப்பதும் உழைப்புதான்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் போர்க்குற்றங்கள் பற்றிய கட்டுரையில், போர்ப் படங்களையும் காணொளிகளையும் சரிபார்க்கும் இணையத் தன்னார்வலர்களின் வேலையை ‘வீட்டிலிருந்தே செய்யும் பொழுதுபோக்கு’ என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டீர்கள். நெடுநாள் வாசகன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரி என்னைப் புண்படுத்திவிட்டது.

சூடானின் டார்ஃபரில் எரிக்கப்பட்ட ஊர்களைக் கண்டறிய, 2016-இல் ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பு செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தரும்படி பொதுமக்களை அழைத்தது. 28,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தோம். முதலில் குடிசைகள் எங்கே இருக்கின்றன என்று குறித்தோம். அப்புறம் ஒரே இடத்தின் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டோம். பெரும்பாலும் மணலும் புதரும்தான் வரும். திடீரென்று, கூரைகள் இருந்த இடத்தில் கருகிய தடங்கள் மட்டும் தெரியும். ஓர் ஊரே இல்லாமல் போயிருந்ததைப் பார்த்த இரவு நான் தூங்கவில்லை. அதைப் பொழுதுபோக்கு என்று சொல்ல எப்படி மனம் வந்தது?

ஆப்பிரிக்க நாடான கேமரூனின் விவகாரம் தங்களுக்குத் தெரியாததல்ல. 2018-இல் பெண்களையும் குழந்தைகளையும் சுட்டுக்கொல்லும் காணொளி வந்தபோது, அது பொய்ச்செய்தி என்றது அரசு. பின்னணியில் தெரிந்த மலைமுகட்டின் வடிவத்தை வைத்து இடத்தையும், நிழலின் நீளத்தை வைத்துக் காலத்தையும் கண்டுபிடித்தார்கள். அதில் பிபிசி செய்தியாளர்களோடு இணையத்தில் தேடிய ஆர்வலர்களும் இருந்தார்கள். 2020-இல் அந்தக் கொலைகளுக்காக ராணுவ வீரர்கள் நால்வருக்கு 10 ஆண்டுச் சிறை கிடைத்தது. இதைப் பற்றித் தங்கள் இதழில் ஒரு பத்தியாவது வந்ததாக எனக்கு நினைவில்லை.

2017-இல் யூடியூப் சிரியப் போர்க் காணொளிகளை ஆயிரக்கணக்கில் நீக்கியபோதும் இதே மௌனம்தான். சாட்சியங்கள் அழிகின்றனவே என்று அன்று நான் எழுதிய கடிதம் வெளியாகவில்லை.

இன்னொன்றும் நெஞ்சில் கிடக்கிறது. முன்பு ஒருமுறை, வேறொரு போரின் பழைய படத்தைப் புதிய தாக்குதலின் படமாக அட்டையிலேயே போட்டீர்கள். ஒரு படம் இதற்கு முன் எங்கெங்கே வந்தது என்று காட்டும் இணையத் தேடலில் (தலைகீழ்த் தேடல்) போட்டாலே, அது முன்பே வெளியானது என்று தெரிந்திருக்கும். ஆதாரத்துடன் எழுதினேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. இப்படிப்பட்ட ஒரு படம் போதும், உண்மையான படத்தையும் பொய் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளக் கொலைகாரர்களுக்கு வசதியாகிவிடும். இறந்தவர்களின் முகங்களை மறைக்காமல் அச்சிடுவதைப் பற்றியும் பலமுறை சொல்லியாயிற்று. அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது.

சரி, நான் கேட்பது பெரிதல்ல. மோதல் நடக்கும் இடங்களிலிருந்து வரும் ஒவ்வொரு படத்தின் கீழும் எங்கே, எப்போது எடுத்தது, யார் சரிபார்த்தது என்று ஒரு வரி சேருங்கள். சரிபார்க்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அந்தக் கட்டுரை வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள்.

தங்கள் வாசகன்