வசனத்தின் மீதியையும் போடுங்கள்

கர்த்தருக்குள் அன்பான ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

சென்ற மாத இதழில் சோதனையை ஜெயிப்பது பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். "உண்மையான விசுவாசிக்கு மதுவின் நினைவே வராது" என்று அதில் ஒரு வரி. எழுதியவர் பாக்கியவான். நான் பதினான்கு வருஷம் குடித்தவன், விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது, நேற்றுச் சாயங்காலம்கூட நினைவு வந்தது. அப்படியானால் நான் யார் ஐயா, கள்ள விசுவாசியா?

சரி, என்னை விடுங்கள். எங்கள் சபையில் ஒரு தம்பி, பெயின்ட் அடிக்கிற வேலை, குடியை விட்டு ஐம்பது நாள்தான் ஆகியிருந்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் நாலாக மடித்த உங்கள் இதழைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினான். அந்த வரியின் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தான். "அண்ணே, எனக்குத் தினமும் ஞாபகம் வருதே, அப்ப என் விசுவாசம் சும்மாவா?" என்று கேட்டான். நான் என்னென்னவோ சொன்னேன். அச்சில் வந்ததை நம்புவானா, புங்கமரத்தடியில் நின்று நான் சொல்வதை நம்புவானா? அந்த வியாழக்கிழமை அவன் வேலைக்குப் போகவில்லை. அதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை.

உங்களுக்கு வேதம் தெரியாது என்று சொல்ல மாட்டேன். நாற்பது நாள் உபவாசமிருந்து பசித்திருந்த ஆண்டவரிடமே கல்லை அப்பமாக்கச் சொல்லிக்கொண்டு பிசாசு வந்தான். தோற்றுப் போனவன் ஒரேயடியாகவா போனான்? "சிலகாலம்" விலகிப்போனான் என்றுதான் லூக்கா 4-ம் அதிகாரத்தில் இருக்கிறது. அவருக்கே சிலகாலம் என்றால், உங்கள் கட்டுரையாளருக்கு மட்டும் ஆயுசுக்கும் லீவு கிடைத்ததெப்படி? விசுவாசிக்குச் சோதனையே வராதென்றால், "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்று ஞாயிறுதோறும் நாம் எல்லோரும் சேர்ந்து சொல்வது யாருக்காக?

இன்னொன்று. கட்டுரையின் தலைப்பிலேயே 1 கொரிந்தியர் 10:13-ஐப் போட்டிருந்தீர்கள். ஆனால் திராணிக்கு மேலாகச் சோதிக்கப்பட தேவன் இடங்கொடார் என்பதோடு வெட்டிவிட்டீர்கள். சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான "போக்கையும்" உண்டாக்குவார் என்கிற பாதியை எங்கே ஐயா விட்டீர்கள்? என் பிழைப்பே அந்தப் பாதியில்தான் ஓடுகிறது. எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே கடை. நான் முந்தின ஸ்டாப்பில் இறங்கி, கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதையில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து வீட்டுக்குப் போகிறேன். ஐப்பசி மழையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். சம்பளம் விழுகிற ஏடிஎம் கார்டு மனைவியின் அரிசிப்பானைக்குள் இருக்கிறது. இதெல்லாம் விசுவாசக்குறைவு என்று உங்கள் ஆள் சொல்வார். யோசேப்பு போத்திபாரின் வீட்டில் நின்று தர்க்கம் பண்ணிக்கொண்டா இருந்தான்? வஸ்திரம் போனால் போகட்டும் என்று ஓடினான்.

1935-ல் அமெரிக்காவில் ஆக்ரான் என்ற ஊரில், குடியை விட்டுச் சில மாதமே ஆன ஒரு பங்குச்சந்தைக்காரர், எடுத்துப்போன காரியம் தோற்று ஓட்டல் வராந்தாவில் தனியாக நின்றார். ஒரு பக்கம் பார், ஒரு பக்கம் டெலிபோன். சபைகளின் பட்டியலைப் பார்த்து ஒரு போதகருக்குப் போன் போட்டு, பேசுவதற்கு இன்னொரு குடிகாரனைக் கேட்டார். கிடைத்தவர் ஒரு டாக்டர். குடியை விட நினைக்கிறவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்தது அப்படித்தான். "இன்று ஒரு நாள் மட்டும்" என்று நான் கற்றுக்கொண்டதும் அவர்களிடம்தான். அந்தக் கூட்டத்துக்கு வாரம் ஒரு மணி நேரம் கோவில் ஹாலைக் கேட்டபோது, குடிகாரர்கள் கூடுகிற இடமா இது என்றார்கள் எங்கள் கமிட்டியார். சரி, அறிவிப்பாவது வரட்டுமே என்று உங்களுக்கு இரண்டு முறை அனுப்பினேன். இடமில்லையாம். கன்வென்ஷன் பிரசங்கியார் கோட்டு சூட்டோடு நிற்கிற படத்துக்கு மட்டும் மாதாமாதம் முழுப்பக்கம் கிடைக்கிறது.

பழசையும் சொல்லிவிடுகிறேன். 2009-ல் என் மனைவி உங்களுக்கு ஒரு ஜெப விண்ணப்பம் அனுப்பினாள். "குடிப்பழக்கத்திலிருந்து விடுதலை பெற" என்று என் பெயர், ஊர் எல்லாம் சேர்த்து அச்சடித்தீர்கள். சந்தையில் கருவாடு விற்கிற அக்கா வரைக்கும் "தம்பி, ஒங்களுக்காக ஜெபிக்கோம்" என்றார்கள். அன்றைக்கு இரண்டு மடங்கு குடித்தேன். அந்தப் பழியை உங்கள் மேல் போடவில்லை, குடித்தது நான்தான். ஆனால் அதைப் பற்றி எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

சாட்சிப் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். ஒரே இரவில் விடுதலை, மறுநாளே வேலை, அடுத்த வருஷம் வீடு. பதினோராம் வருஷத்திலும் காட்டுப்பாதையில் நடப்பவனுக்கு அங்கே இடம் உண்டா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் அந்த வசனத்தை முழுசாக, பெரிய எழுத்தில் போடுங்கள். பின்னட்டையில் கேக் விளம்பரம் வருகிற இடமானால் நல்லது, அங்கேதான் எல்லோரும் பார்க்கிறார்கள். அந்தத் தம்பிக்கு ஒரு பிரதி நானே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

சந்தா டிசம்பரில் முடிகிறது. கட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு சந்தாதாரர், தூத்துக்குடி மாவட்டம்.
(இந்த முறையாவது பெயரைப் போடாதீர்கள்.)