பழம் கருப்பா இருந்தா மரம் கருப்பு மல்பெரி ஆயிடுமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பரோட தோட்டப் பக்கத்துல, நம்ம தென்னாப்பிரிக்கா டர்பன் வீடுகள்ல நிக்கிற மல்பெரி எல்லாம் கருப்பு மல்பெரி, அதனால வெளியில இருந்து வந்து பரவிக் கெடுக்கிற மரம்னு அரசாங்கம் போட்டிருக்கிற அந்நிய மரம் லிஸ்ட்ல வராதுன்னு போட்டிருந்தீங்க. தப்புங்க.

டர்பன் சாட்ஸ்வொர்த்ல எங்க வீட்டுப் பின்னாடி நிக்கிற மரத்தை எங்க ஆயாவும் கருப்புன்னுதான் சொல்லும், பழம் கருகருன்னு இருக்கும், தின்னா கை வாய் சட்டை எல்லாம் கறை, கொடியில காயப்போட்ட வேட்டியில பறவை எச்சம் விழுந்து ஆயா போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. ஆனா அது வெள்ளை மல்பெரி, மோரஸ் ஆல்பா, சீனாக்காரன் பட்டுக்கு வளர்க்கிற மரம். அதுலயே வெள்ளைப் பழம், ரோஸ் பழம், கருப்புப் பழம் எல்லாம் உண்டு. லிஸ்ட்ல இருக்கிறதும் அதேதான்.

சந்தேகம்னா இலையைத் தடவிப் பாருங்க. மேல வழவழன்னு பளபளப்பா இருந்தா வெள்ளை. சொரசொரன்னு, அடியில பொடிமுடியோட இருந்தா கருப்பு, மோரஸ் நைக்ரா. அதுல பழத்துக்குக் காம்பே இல்லாத மாதிரி கிளையோட ஒட்டிக்கிட்டு இருக்கும். இலை வடிவத்தை மட்டும் நம்பிடாதீங்க, ஒரே மரத்துல ஒரு இலை முழுசா இருக்கும், பக்கத்து இலை கைவிரல் மாதிரி பிரிஞ்சிருக்கும். குரோமோசோம் எண்ணினா இன்னும் வேடிக்கை, வெள்ளைக்கு 28, கருப்புக்கு 308! சின்ன வயசுல ஷூ பாக்ஸ்ல பட்டுப்புழு வளர்த்தோமே, அதுக்குப் போட்ட இலையும் இந்த வெள்ளை மரத்து இலைதான்.

பேர்க் குழப்பம் புதுசு இல்ல. செடி கொடிக்கெல்லாம் அறிவியல் பேர் வெச்ச லின்னேயஸ் 1753ல 7 மரத்தை மோரஸ்ங்கிற ஒரே இனத்துல எழுதினாரு, அதுல காகித மல்பெரியைப் பின்னாடி புருசோனேஷியான்னு தனியா பிரிச்சுட்டாங்க. நம்ம மாகாணம் குவாசுலு-நேட்டாலோட வடக்குக் காட்டுல தானா வளர்ற ஆப்பிரிக்க மல்பெரி ஒண்ணு இருக்கு, அதையும் 2021ல மோரஸ்ல இருந்து எடுத்து அஃப்ரோமோரஸ்னு வெச்சாங்க. இந்த மண்ணோட மரம் அதுதான், அதைப் பத்தி உங்க கட்டுரையில ஒரு வரி கூட காணோம்.

அடுத்த வாரமே திருத்தம் போடுங்க ஐயா. பக்கத்து வீட்டு அண்ணன் உங்க கட்டுரையைப் படிச்சிட்டு எங்க மரத்துலயே குச்சி வெட்டி ஆறு டப்பாவுல நட்டு, கோயிலுக்கு வர்றவங்களுக்குக் குடுக்கப்போறேன்னு நிக்கிறாரு. நான் சொன்னா கேக்க மாட்டாரு, பேப்பர்ல வந்தாத்தான் கேப்பாரு.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் வாசகர்