வரியிறுப்பாளர் சங்கத்தின் ஆண்டறிக்கை: 2024 ஜூலை – 2025 ஜூன்

தலைவர் அவர்களே, போஷகர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நகரத்திலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்திருக்கும் அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த பொதுக்கூட்டத்தில் நாம் நிறைவேற்றிய ஒரு தீர்மானமே இந்த ஆண்டு முழுவதும் எமது வேலையாக இருந்தது. இலங்கையின் நுவரெலியா மாவட்டத்திலுள்ள இந்த ஊரின் காணிக்கும் கட்டடத்துக்கும் செலுத்தப்படும் வரி இந்த ஊரின் உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபைக்கு வந்து சேர வேண்டும். மாகாணமோ மத்திய அரசோ அதை மறித்து வைத்திருப்பதையும் வேறு வேலைக்குத் திருப்புவதையும் ஏற்க மாட்டோம். அதில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதையே இந்த அறிக்கை சொல்கிறது.

வழமையான விடயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கோயில் மண்டபத்தில் கூடியது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையால் ஏப்ரலில் மட்டும் கூடவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தோட்டப் பகுதியினர். அவர்களில் பெண்களே அதிகம். மறைந்த அங்கத்தவர்களுக்குக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே அஞ்சலி செலுத்தினோம். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

ஒரு பிரதேச சபைக்குப் பணம் எந்தெந்த வழியில் வருகிறது என்பதை எம்மில் பலர் இந்த ஆண்டுதான் முழுமையாகப் படித்துக்கொண்டோம். கட்டடங்கள் நெருங்கிய பகுதிகளிலுள்ள வீடு, கடை முதலிய ஆதனங்களுக்கு (சொத்துகளுக்கு) ஆதன வரி. அதற்கு வெளியே நிரந்தரப் பயிர்ச்செய்கையிலுள்ள காணிகளுக்கு ஏக்கர் வரி. சந்தைக் கடைகளின் வாடகை, வியாபார அனுமதிப்பத்திரக் கட்டணம். இவற்றைச் சபை தானே அறவிடுகிறது. இவை தவிர, சபைக்கே உரியவையாக இருந்தும் நேராகச் சபையின் கைக்கு வராத வருமானங்கள் இரண்டு உண்டு. ஆதனம் கைமாறும்போது செலுத்தப்படும் முத்திரை வரி ஒன்று. நீதவான் நீதிமன்றத்தின் தண்டப்பணம் மற்றது. இரண்டும் மாகாணத்தின் வழியாக வர வேண்டியவை. அந்த வழியில்தான் அவை தங்கிவிடுகின்றன.

இது எமது ஊருக்கு மட்டும் நேர்ந்த குறை என்று நினைத்திருந்தவர்கள், உள்ளூராட்சி சபைகள் பற்றிய கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகளைப் பார்த்ததும் வியந்துபோனார்கள். டிசம்பர் 31ஆம் திகதியில் மாகாண பிரதம செயலாளரிடமிருந்தும் ஏனைய அதிகாரிகளிடமிருந்தும் பெறவேண்டிய தண்டப்பணம் இவ்வளவு, முத்திரை வரி இவ்வளவு என்ற பந்தி சபைக்குச் சபை திரும்பத் திரும்ப வருகிறது. ஆண்டு மாறுகிறது, தொகை மாறுகிறது. பந்தி அப்படியே இருக்கிறது.

முத்திரை வரி சிறிய காசு என்று எவரும் எண்ண வேண்டாம். கைமாறும் ஆதனத்தின் பெறுமதியில் முதல் ஓர் இலட்சம் ரூபாவுக்கு 3 சதவீதமும் மிகுதிக்கு 4 சதவீதமும் அறவிடப்படுகிறது. எமது பிரதான வீதியில் ஒரு கடை 50 இலட்சம் ரூபாவுக்கு விற்கப்பட்டால் வாங்குபவர் 199,000 ரூபா முத்திரை வரி கட்டுகிறார். கட்டாமல் காணி உறுதியை, அதாவது உரிமைப் பத்திரத்தை, பதிய முடியாது. கட்டுபவருக்கு ஒரு நாள் தவணைகூட இல்லை. ஆனால் அந்தப் பணம் சபைக்கு வரும் நாளுக்கு மட்டும் தவணை மேல் தவணை. பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள வடிகான் ஒவ்வொரு மழைக்கும் பொங்கிக் கடைகளுக்குள் புகுந்தபோது, சபையில் பணமில்லை என்ற பதிலைத்தான் கேட்டோம். பணம் இருந்தது. நாம் கட்டிய பணம் அது.

சபையிலும் மாகாணத்தின் உரிய திணைக்களத்திலும் தகவல் கேட்டு விண்ணப்பித்தோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவை அறிவிக்க வேண்டும். சபை உரிய காலத்தில் பதில் தந்தது. அதற்காகச் சபைச் செயலாளருக்கும் எழுதுவினைஞர்களுக்கும் நன்றி கூறுகிறேன். மற்ற அலுவலகம் பதில் தராததால் மேன்முறையீடு செய்தோம். அதன் பிறகு கிடைத்த விபரம் எமது வேலையின் திசையையே மாற்றிவிட்டது.

எங்கே சிக்கல் என்று சொல்கிறேன். உறுதிகள் காணிப் பதிவகத்தில் பதியப்படுகின்றன. அங்குள்ள விபரங்களைக்கொண்டு, இந்தக் காணி எமது எல்லைக்குள் இருக்கிறது, இதன் முத்திரை வரி எமக்குரியது என்று சபை கோரிக்கை அனுப்ப வேண்டும். எமது மாவட்டத்தின் பிரதேச சபைகளில் நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரண்டும் 2018 தேர்தலுக்கு முன் ஆறாகப் பிரிக்கப்பட்டன. கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா ஆகியவை புதிதாக வந்தன. பிரிக்க வேண்டும் என்பது எமது மக்களின் நீண்டகாலக் கோரிக்கை. அது நிறைவேறியதில் எமக்கு மகிழ்ச்சியே. ஆனால் எமது எல்லைக்குள் உள்ள பல காணிகளின் உறுதிகளில் பழைய சபையின் பெயரே தொடர்ந்து எழுதப்பட்டு வந்திருக்கிறது. பழைய பெயரிலுள்ள உறுதிக்குரிய வரியை எந்தச் சபைக்கு அனுப்புவது என்ற கேள்வியையே காரணமாக்கி, மாகாணத்தில் அதை எவருக்கும் அனுப்பாமல் வைத்திருந்திருக்கிறார்கள்.

எமது உபதலைவரும் ஓய்வுபெற்ற கிராம உத்தியோகத்தர் ஒருவரும் சபை எழுதுவினைஞர்களுடன் அமர்ந்து அந்த உறுதிகளைத் தோட்டப் பிரிவு வாரியாகவும் வீதி வாரியாகவும் பிரித்து எழுதினார்கள். இது கண்ணையும் பொறுமையையும் கேட்கும் வேலை. இவ்வாண்டின் மிகப் பெரிய சேவை அவர்களுடையதே. அந்தப் பட்டியலுடன் சபை மீண்டும் கோரிக்கை அனுப்பியது. மார்ச் மாதத்தில் பழைய நிலுவையில் ஒரு பகுதி சபையின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. வடிகான் வேலை இப்போது நடப்பது அந்தப் பணத்தில்தான்.

இதற்கிடையில் வேறொரு யோசனை வந்தது. நிலுவையைப் பணமாகத் தராமல், மாகாணத்தின் ஊடாக ஒரு வீதி அபிவிருத்தித் திட்டமாகத் தருகிறோம், அதை ஈடாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு கலந்துரையாடலில் சொல்லப்பட்டது. எம்மில் சிலருக்குக்கூட அது நியாயமாகப் பட்டது. வீதி கிடைத்தால் போதாதா என்று கேட்டார்கள். செயற்குழு நீண்ட நேரம் விவாதித்து, கூடாது என்றே முடிவெடுத்தது. சபையின் பணம் சபைக்கு வந்தால் எந்த வீதி முதலில் என்பதை எமது வட்டார உறுப்பினர்கள் தீர்மானிப்பார்கள். திட்டமாக வந்தால் வேறெவரோ தீர்மானிப்பார்கள். எமது சொந்தப் பணத்துக்கு நாமே நன்றி சொல்லி மாலை போட வேண்டி வரும்.

சட்டமும் எமது பக்கம் இருக்கிறது. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு வந்த ஒன்பதாம் அட்டவணையின் மாகாண சபைப் பட்டியலில் 4ஆவது விடயம் உள்ளூராட்சி. மாகாண சபை உள்ளூராட்சி சபைகளுக்கு மேலதிக அதிகாரங்களை வழங்கலாம், ஆனால் ஏற்கெனவே உள்ளவற்றைப் பறிக்க முடியாது என்று அங்கே தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. இந்த வரியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு எமது வாசிகசாலையில் தொங்கவிட்டிருக்கிறோம். ஒவ்வோர் அங்கத்தவரும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவு காலம் இது ஏன் கேட்பாரற்றுக் கிடந்தது? கேட்க வேண்டிய கதிரைகள் வெறுமையாக இருந்தன. மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில். 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அன்று முதல் ஆளுநரின் நிர்வாகம். உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச் 19ஆம் திகதியுடன் முடிந்தது. அதே மாதம் 9ஆம் திகதி நடக்கவேண்டிய தேர்தல், பணமில்லை என்று நிறுத்தப்பட்டது. அது வாக்காளரின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22ஆம் திகதி தீர்ப்பளித்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, கொடுக்க வேண்டிய இடத்திலும் மக்கள் பிரதிநிதி இல்லை, வாங்க வேண்டிய இடத்திலும் மக்கள் பிரதிநிதி இல்லை. அந்தக் காலத்தில் ஆதன வரிக் கட்டணச்சீட்டு மட்டும் காலாண்டு தவறாமல் வந்தது.

மத்திய அரசின் பக்கத்திலிருந்தும் ஒரு கை நீண்டது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் செய்துகொண்ட ஏற்பாட்டில், நாடு முழுவதற்குமான சொத்து வரியை 2025இல் கொண்டுவருவதாக அரசாங்கம் உறுதியளித்திருந்தது. ஆதனத்தின் மீதான வரி மாகாணத்துக்கும் உள்ளூராட்சிக்கும் உரியது என்பதால் அதில் அரசியலமைப்புச் சிக்கல் எழுந்தது. பின்னர், சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு அந்த வீட்டால் வாடகை வருமானம் கிடைப்பதாகக் கணக்கிட்டு அதற்கு வருமான வரி விதிக்கும் யோசனையை முன்வைத்தார்கள். அதற்கு 2025 ஏப்ரல் என்று நாள் குறித்தார்கள். அந்த ஏப்ரல் கடந்துவிட்டது, வரி வரவில்லை. ஆயினும் இதை முடிந்துபோன விடயமாக நான் கருதவில்லை. திறைசேரிக்கு வருமானம் தேவைப்படும்வரை ஆதனத்தின் மீது அதன் கண் இருக்கும். ஒரே வீட்டுக்குச் சபைக்கு ஒரு வரி, கொழும்புக்கு ஒரு வரி என்று வந்தால், மக்கள் எதைக் கட்டாமல் விடுவார்கள்? பக்கத்திலுள்ள சபையின் வரியைத்தான். ஆகவே சபையின் ஆதன வரித் தளத்தில் மத்திய அரசு கைவைக்கக் கூடாது என்று ஒரு கடிதத்தை நிதியமைச்சுக்கும் மாவட்டத்தின் எல்லாக் கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்பியிருக்கிறோம்.

பெப்ரவரி மாதக் கருத்தரங்கில் எமது போஷகரான ஓய்வுபெற்ற ஆசிரியர் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைப் பற்றிச் சொன்னது எல்லோரையும் உற்சாகப்படுத்தியது. வராதவர்களுக்காகச் சாரத்தைத் தருகிறேன். அங்கே 1978இல் சொத்து வரிக்கு உச்சவரம்பு வைத்தபோது, அந்த வரியைப் பங்கிடும் பொறுப்பு மாநில அரசின் கைக்குப் போனது. 1992இல் மாநிலத்துக்குப் பணத்தட்டுப்பாடு வந்ததும், நகரங்களுக்கும் மாவட்டங்களுக்கும் சேரவேண்டிய சொத்து வரியில் ஒரு பகுதியைப் பாடசாலைகளுக்கான ஒரு நிதியத்துக்குத் திருப்பினார்கள். மாநிலம் தானே கொடுக்க வேண்டிய கல்விச் செலவைப் பிறர் பணத்தால் ஈடுகட்டியது. உள்ளூராட்சி அமைப்புகள் ஒன்றுசேர்ந்து போராடி, 2004இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் மாநில அரசியலமைப்பிலேயே பாதுகாப்பு எழுதுவித்தன. அதில் அவசரநிலைக்கு ஒரு வாசல் இருந்தது. 2009இல் அந்த வாசலால் நுழைந்து, உள்ளூர்ச் சொத்து வரியின் 8 சதவீதத்தை, அதாவது சுமார் 190 கோடி டொலரை, மாநிலம் கடனாக எடுத்தது. மறு ஆண்டே இன்னொரு வாக்கெடுப்பில் அந்த வாசலையும் மக்கள் அடைத்துவிட்டார்கள். எமது அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையிலும் பாதுகாப்பு எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் பணத்தை எந்த நாளுக்குள் கொடுக்க வேண்டும், பிந்தினால் வட்டி என்ன என்று எழுதப்படவில்லை. அதை எழுதுவிப்பதே எமது அடுத்த கோரிக்கை.

தோட்டப் பகுதி அங்கத்தவர்கள் எழுப்பிய கேள்வியை இங்கே தவிர்க்க முடியாது. நாங்கள் ஆதன வரி கட்டவில்லை, இந்தப் போராட்டத்தில் எமக்கு என்ன இடம் என்று ஒரு சகோதரி கேட்டார். அவருக்கு அன்று சொன்ன பதிலைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். தோட்டக் கம்பனி கட்டும் ஏக்கர் வரி நீங்கள் பறிக்கும் தேயிலைக் கொழுந்திலிருந்துதான் வருகிறது. கடையில் நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் கடைக்காரர் கட்டும் ஆதன வரி அடங்கியிருக்கிறது. 1930களின் பிற்பகுதியில் கிராமச் சபை வாக்குரிமை விரிவாக்கப்பட்டபோது தோட்டத் தொழிலாளர்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, லயன்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளுக்கு, சபை செலவு செய்யத் தடையாக நின்றது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. தடை நீங்கிய பிறகும் தோட்டப் பாதைக்கு ஒரு விளக்குப் போட சபையில் பணமில்லை என்றால், அந்தத் திருத்தத்தால் யாருக்கு என்ன பயன்? நிலுவை வராததால் நகரத்துக்கு வடிகான் பிந்தியது. தோட்டத்துக்கோ எல்லாமே பிந்தியது. இதில் முதல் உரிமையாளர்கள் நீங்கள்தான். 7 பேர்ச் காணியில் தனிவீடு பெற்றவர்கள் நாளை நேரடி வரியிறுப்பாளர்களாவார்கள். அதற்கு முன் அவர்களின் காணி உறுதியும் பாதையும் தண்ணீரும் சரியாக வேண்டும் என்பதும் சங்கத்தின் நிலைப்பாடு.

2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. சங்கம் எந்தக் கட்சிக்கும் ஆதரவளிக்கவில்லை. எல்லா வேட்பாளர்களிடமும் ஒரே கடிதத்தைக் கொடுத்தோம்: நிலுவையைக் கோரும் முதல் பிரேரணையை ஆதரிப்பீர்களா? புதிய சபை ஜூன் மாத அமர்வில் அந்தப் பிரேரணையை நிறைவேற்றியது. கட்சி பேதமின்றி எல்லோரும் கை உயர்த்தினார்கள். பார்வையாளர் பகுதியில் இடம் போதாமல் எமது அங்கத்தவர்கள் நின்றுகொண்டே பார்த்தார்கள். தவிசாளருக்கும் உறுப்பினர்களுக்கும் எமது பாராட்டு. அயல் சபைகளும் இதே பிரேரணையை எடுக்க, அவற்றின் தவிசாளர்களைச் சந்தித்து வருகிறோம்.

மிகுதி நிலுவை இன்னும் வரவில்லை. தண்டப்பணம் பற்றிய பட்டியல் இன்னும் கைக்குக் கிடைக்கவில்லை. அதற்கான மேன்முறையீடு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குச் சென்றிருக்கிறது. மாகாண சபைத் தேர்தலை நடத்தக் கோரும் மனுவுக்குக் கையொப்பம் சேர்ப்பது தொடர்கிறது. படிவங்கள் வாசலில் மேசையில் இருக்கின்றன. ஆதன வரியை எவரும் நிறுத்தி வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஜனவரி 31க்கு முன் முழு ஆண்டுக்கும் கட்டினால் 10 சதவீதக் கழிவு உண்டு. எமது கையில் பற்றுச்சீட்டு இருந்தால்தான் கணக்குக் கேட்கும்போது எவரும் எம்மைத் தட்டிக்கழிக்க முடியாது.

மேற்குறித்த நிலுவைக் கோரிக்கையையும், பணம் கையளிக்கப்பட வேண்டிய காலவரையறையைச் சட்டத்தில் சேர்க்கும் கோரிக்கையையும் வரும் ஆண்டுக்கும் தொடர இப்பொதுக்கூட்டத்தின் அங்கீகாரத்தைக் கோரி, இவ்வறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்